அகஸ்தியம்பள்ளி உப்புப் பாதையும் அதன் 12 மில்லிமீட்டர் மாதிரியும்

2024 ஜனவரி 6. வாசகர் ஒருவரின் கேள்வி

"கொருக்குப்பேட்டையில் குடியிருக்கிறீர்கள். துறைமுகத்துச் சரக்கு வண்டிகள் கேட்டை மறித்து நிற்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். அப்படியிருக்க, வேதாரண்யத்துக்கு அப்பாலுள்ள அகஸ்தியம்பள்ளிக் கிளைப்பாதையைச் சிறு ரயில் மாதிரியாகச் செய்ய வேண்டிய அவசியம் என்ன? வண்டி வரும், நிற்கும், திரும்பிப் போகும். ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். தண்டையார்பேட்டை யார்டைச் செய்தால் அதில் ஒரு கம்பீரமாவது இருக்கும்."

ஜனவரி 7

கம்பீரம் இருக்கும், இடம் இருக்காது. பாக்ஸ்-என் எனப்படும் மேல்திறந்த வேகன்கள் 58 கொண்ட ஒரு சரக்கு வண்டி 620 மீட்டர் நீளம். எச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும், அது 7 மீட்டரைத் தாண்டும். என் மாடி அறையின் நீண்ட சுவர் 3.6 மீட்டர். தண்டையார்பேட்டையைச் செய்தால் ஒரே ஒரு வண்டியின் வால் மொட்டைமாடிப் படிக்கட்டில் நிற்கும். யார்டு என்பது அப்படிப்பட்ட வண்டிகள் பல ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிற்கும் இடம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையிலான 37 கிலோமீட்டரும் அதே அளவில் 425 மீட்டர் ஆகிறது என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டையும் சுருக்கத்தான் வேண்டும், ஆனால் சுருங்குவது வேறு வேறு. யார்டைச் சுருக்கினால் அதன் பெருமையான நீளமும் எண்ணிக்கையுமே போய்விடுகின்றன. கிளைப்பாதையில் நடுவே உள்ள வயலையும் வாய்க்காலையும் சிறு நிலையங்களையும் விட்டுவிட்டாலும், பாதை முடியும் இடத்தில் நடக்கும் வேலை முழுதாகக் கிடைக்கிறது. நான் செய்ய விரும்புவது அந்த வேலையைத்தான், ரயிலை அல்ல.

ஜனவரி 9

அகஸ்தியம்பள்ளியைத் தேர்ந்ததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் மாமனார் வேதாரண்யத்துக்காரர். உப்பளத்தில் கணக்கு எழுதியவர். அவரிடம் கேட்காமல் நான் ஒரு பாத்தியைக்கூட வரைவதில்லை.

ஜனவரி 17

பொங்கலுக்கு ஊர் போய் வந்தேன். உப்புப் பருவம் தொடங்கும் காலம் அது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வரப்புகளைச் செப்பனிட்டு, பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தி, கடல்நீரை விடத் தொடங்குகிறார்கள். செப்டம்பர் வாக்கில் அந்தப் பருவம் முடிகிறது.

மாதிரியில் உப்பளத்தை வெறும் வெள்ளைச் சதுரங்களாகச் செய்துவிடக் கூடாது என்பது அங்கே நின்று பார்த்தபோது உறுதியாயிற்று. நீர் ஒரே பாத்தியில் உப்பாவதில்லை. முதலில் பெரிய தேக்கங்களில் நின்று வெயிலில் செறிவு ஏறுகிறது. பிறகு அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாறுகிறது. வழியில் ஜிப்சம் முன்னதாகப் படிந்துவிடுகிறது. உவர்நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவையில் 25 பாகையை நெருங்கும்போதுதான் சாப்பாட்டு உப்பு படிகமாகிறது. 30 பாகை அளவில் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்துகொள்ளும். நிறமும் இந்த வரிசையிலேயே மாறுகிறது: முதல் தேக்கத்தில் கடலின் மங்கிய பச்சை, செறிவு ஏற ஏற, உவர்நீரில் மட்டும் வாழும் நுண்ணுயிர்களால் ஒரு செம்மை, கடைசிப் பாத்தியில் வெள்ளை.

எனவே தண்டவாளத்துக்கும் அறையின் சுவருக்கும் நடுவே உள்ள 40 சென்டிமீட்டர் அகலத்தில் பச்சை, செம்மை, வெள்ளை என்று மூன்று வரிசைப் பாத்திகள் வரும். வெள்ளை வரிசை, வேகன்களில் உப்பு ஏற்றும் பக்கப் பாதையான சைடிங்கை ஒட்டி இருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

ஜனவரி 18

உப்பு அம்பாரங்களைக் கூம்பாக வரைந்திருந்த படத்தைப் பார்த்து மாமனார் சிரித்தார். "மாப்பிள்ளை, இது மாவுக் கடையா? எங்கள் அம்பாரம் ஓட்டு வீட்டுக் கூரை போல நீளமாக இருக்கும்" என்றார். இருபுறமும் சரிந்து, நடுவே ஒரு முகடு. மழைக்கு முன் பனையோலை வேய்ந்து மூடுவார்கள். படத்தைத் திருத்திவிட்டேன்.

ஜனவரி 28

தண்டவாள அகலம் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் சென்னையில் திறந்துவைத்த அகலப்பாதைதான் இப்போது அங்கே உள்ளது. 294 கோடி ரூபாய்ச் செலவில் மாற்றப்பட்டது. டெமு என்ற டீசல் பயணிகள் வண்டி ஓடுகிறது. அதைச் செய்யாமல் மறைந்துபோன மீட்டர் கேஜை ஏன் செய்கிறேன் என்பது கேள்வி.

பழமை மீது எனக்கு உள்ள பற்றை மறைக்கவில்லை. ஆனால் கணக்கும் என் பக்கமே நிற்கிறது. நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர், ஏனெனில் அது ஐரோப்பிய, அமெரிக்க 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு உரியது. நம் பெட்டிகளை அதன்மேல் வைத்தால் ஏழில் ஒரு பங்கு ஒடுங்கிய பாதையில் அகன்ற வண்டி நிற்கும். முன்னால் இருந்து பார்த்தால் சின்னக் கால்களில் பெரிய உடம்பு. மீட்டர் கேஜின் 1,000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5, சுவிட்சர்லாந்து மீட்டர் கேஜ் மாதிரிகளுக்காகவே செய்யப்படும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. வேறுபாடு அரை மில்லிமீட்டர். இந்திய ரயிலை எச்.ஓ. அளவில் உண்மைக்கு அருகில் செய்ய விரும்புபவருக்கு அகலப்பாதையைவிட மீட்டர் கேஜ் எளிது என்பதை யாரும் சொல்லாதது எனக்கு வியப்பு.

ஜனவரி 29

"12 மில்லிமீட்டர் என்பது டி.டி. அளவின் தண்டவாளம் அல்லவா?" என்கிறார் ஒருவர். அகலம் அதுதான். டி.டி. 120-இல் ஒரு பங்கு. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் அதன் ஸ்லீப்பர் கட்டைகள் அந்த அளவுக்கு ஏற்பச் சிறுத்தும் நெருங்கியும் இருக்கும் என்பதால் அதை வாங்கி மீட்டர் கேஜ் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கட்டைகளை வெட்டி இடைவெளி கூட்டினால் ஓரளவு ஒப்பேற்றலாம். சைடிங்கின் கடைசி 30 சென்டிமீட்டரில் நானும் அதைத்தான் செய்யப் போகிறேன். அங்கே தண்டவாளம் மண்ணிலும் சாம்பலிலும் புதைந்திருக்கும், கட்டை தெரியாது.

பிப்ரவரி 4

ஸ்லீப்பர் பேச்சு எழுந்துவிட்டதால் ஒரு குறிப்பு. இந்திய ரயில்வேயில் மரக்கட்டைக்கு அடுத்தபடி நெடுங்காலம் புழங்கியது சி.எஸ்.டி.-9 என்ற வார்ப்பிரும்பு ஸ்லீப்பர். ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் அடியில் கவிழ்த்த தட்டு ஒன்று இருக்கும்; இரண்டு தட்டுகளையும் ஓர் இரும்புப் பட்டை இணைக்கும். தொலைவிலிருந்து பார்த்தால் கட்டையே இல்லாமல் தண்டவாளம் ஜல்லியில் கிடப்பதுபோல் தோன்றும். உருக்கு ஸ்லீப்பரைவிட வார்ப்பிரும்பு துருவை அதிகம் தாங்கும் என்பதால் உவர்மண்ணுக்கு அது பொருந்துகிறது.

முக்கியப் பாதையில் மரக்கட்டை, அதிலிருந்து பிரிந்து மீண்டும் அதிலேயே சேரும் லூப் லைனில் சி.எஸ்.டி.-9 என்று கலந்து போடுகிறேன். வெளிநாட்டுத் தண்டவாளத்தின் மீது நம் ஊர் முகத்தைக் கொண்டுவர இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. தட்டுகளை ஆண்டர்சன் தெருவில் வாங்கிய தடித்த அட்டையில் துளைக்கருவியால் வெட்டி எடுக்கிறேன்.

பிப்ரவரி 18

முதல் கேள்வியின் நடுப்பகுதிக்கு, அதாவது "வரும், நிற்கும், திரும்பிப் போகும்" என்ற வாக்கியத்துக்கு, இப்போதுதான் சரியாக விடை எழுத முடிகிறது. லூப் லைனும், வண்டியைப் பாதை மாற்றிவிடும் இரண்டு பாயிண்ட்டுகளும் பொருத்தி முடிந்துவிட்டன.

என் அமைப்பில் வண்டி வருவது இப்படி: முன்னால் எஞ்சின், பின்னால் ஐந்து காலி வேகன்கள், வாலில் கார்டின் பிரேக் வேன். பாதை அங்கே முடிகிறது. திரும்பும்போது எஞ்சின் மறுமுனையில் இருக்க வேண்டும். அது லூப் வழியாகச் சுற்றி வந்து கோத்துக்கொள்கிறது. பெரும்பாலான மாதிரிகளில் வேலை இத்துடன் முடிந்துவிடும். ஆனால் இப்போது எஞ்சினை ஒட்டி நிற்பது பிரேக் வேன். கார்டு வண்டியின் கடைசியில் இருந்தாக வேண்டும். வேகன் கழன்றால் பிரேக் பிடிக்கவும், பின்பக்கம் சிவப்பு விளக்கு காட்டவும் அவர்தான் ஆள். எனவே பிரேக் வேனை மட்டும் வெளியே இழுத்து, லூப்பில் தள்ளி, அதன் உள்முனையில் விட வேண்டும். பிறகு எஞ்சின் தனியாக உப்பு சைடிங்குக்குப் போய், பாரம் ஏற்றிய வேகன்களை இழுத்து வந்து, லூப்பில் நிற்கும் பிரேக் வேன் மீது மெல்லச் சேர்க்க வேண்டும். அதன் பிறகு முக்கியப் பாதையில் நிற்கும் காலி வேகன்களை இழுத்து சைடிங்கில் தள்ள வேண்டும். கடைசியாக லூப்புக்குத் திரும்பிப் பாரத்தைக் கோத்தால் எஞ்சின் முன்னால், பாரம் நடுவில், கார்டு வாலில்.

இவ்வளவும் செய்ய, பாயிண்ட்டுக்கு வெளியே எஞ்சினும் ஐந்து வேகன்களும் நிற்கும் நீளத்துக்குப் பாதை மிச்சம் இருக்க வேண்டும். 6 மீட்டர் வேகன் மாதிரியில் 7 சென்டிமீட்டர். எஞ்சினையும் சேர்த்தால் 55 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஆகாது. நான் 70 விட்டிருக்கிறேன். ஆறாவது வேகன் வேண்டும் என்று ஆசை வந்தால், லூப்பையும் சைடிங்கையும் இந்த மிச்சத்தையும் சேர்த்து நீட்ட வேண்டியிருக்கும். கிளைப்பாதையில் வண்டியின் நீளத்தைத் தீர்மானிப்பது எஞ்சினின் வலு அல்ல, லூப்பின் நீளமே என்று புத்தகத்தில் படித்தால் ஒரு வரியாகக் கடந்துவிடுவோம். மரப்பலகையில் அளவுகோல் வைக்கும்போது அதுவே எல்லாவற்றையும் ஆள்கிறது.

இப்படி வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் வேகத்தை மணிக்கு 15 கிலோமீட்டர் என்று கொண்டால் மாதிரியில் எஞ்சின் நொடிக்கு 5 சென்டிமீட்டருக்கும் குறைவாக நகர வேண்டும். அந்த வேகத்தில், பாயிண்ட் திருப்பும் நேரமும் கொக்கி மாட்டும் நேரமும் சேர்த்து, மேலே சொன்ன வேலை அரை மணி நேரத்தை எளிதாகக் கடக்கும். சலிப்பு வரும் என்று சொன்னவர் ஒருநாள் வந்து கன்ட்ரோலரைப் பிடித்துப் பார்க்கலாம். தேநீர் ஆறிவிடும் என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.

பிப்ரவரி 19

சேர்க்க மறந்தது: பாதையில் எந்நேரமும் ஒரே ஒரு வண்டிதான் இருக்கும். கிளைப்பாதைகளுக்கு ரயில்வே விதிகளிலேயே 'ஒரே வண்டி முறை' என்ற ஏற்பாடு உண்டு. அதனால் விலை உயர்ந்த டிஜிட்டல் கட்டுப்பாடு எனக்குத் தேவைப்படவில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய உதிரிப் பாகங்களில் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்துக்கு மின்சாரத்தைத் துடிப்புகளாக விட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு துடிப்பு அகலக் கன்ட்ரோலர் கட்டியது போதுமானதாக இருக்கிறது.

மார்ச் 3

எஞ்சின்: ஒய்.எல். வகை, மீட்டர் கேஜ் நீராவி எஞ்சின். ஒய்.பி. பயணிகளுக்கு, ஒய்.ஜி. சரக்குக்கு, ஒய்.எல். இலேசான தண்டவாளம் உள்ள கிளைப்பாதைகளுக்கு. அதன் அச்சுச் சுமை, அதாவது ஓர் அச்சு தண்டவாளத்தின்மேல் வைக்கும் எடை, 8 டன். மற்ற இரண்டுக்கும் பத்தரை. "ஒய்.டி.எம்.-4 டீசல் செய்திருந்தால் பெட்டி வடிவம், எளிதாக முடிந்திருக்கும்" என்பவருக்கு: ஆம், எளிதாக முடிந்திருக்கும். ஆனால் நீராவி எஞ்சின் திரும்பும்போது கரியும் நீரும் சுமக்கும் டெண்டரை முன்னால் வைத்துப் பின்னோக்கி ஓட வேண்டியிருக்கும் அந்தக் கோணல் நடை டீசலில் கிடைக்காது.

வேகன்களில் ஒரு முக்கிய மாற்றம். கடையில் வாங்கும் ஐரோப்பிய வேகன்களுக்கு முனையில் மோதலைத் தாங்கும் பஃபர்கள் இரண்டு இருக்கும். நம் மீட்டர் கேஜ் வேகனுக்கு நடுவில் ஒன்றுதான். ஓரத்து இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு நடுவில் ஒன்றை வைத்த உடனேயே வேகன் தமிழ்நாட்டுக்கு வந்துவிடுகிறது. சாயம் அடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மார்ச் 17

நிஜ உப்பையே மாதிரியில் பயன்படுத்த வேண்டும் என்று ஒருவர் விடாப்பிடியாக எழுதுகிறார். "உப்பளத்தில் உப்பு இல்லாமல் எப்படி?" கேட்க அழகாக இருக்கிறது. மறுப்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள். 3 மில்லிமீட்டர் கல் உப்பை 87-ஆல் பெருக்கினால் 26 சென்டிமீட்டர். பாத்தியில் மனிதத் தலை அளவில் படிகம் கிடக்கும். தூள் உப்பு பரவாயில்லை என்று வைத்துக்கொண்டாலும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும். காசிமேட்டுக் கடற்காற்று சன்னல் வழியாக நேரே வரும் என் அறையில் அது ஒரே மழைக்காலத்தில் கசிந்து, ஒட்டுப்பசையை இளக்கி, தண்டவாள ஆணிகளைத் துருப்பிடிக்க வைக்கும். மின்சாரம் ஓடும் தண்டவாளத்துக்கு அருகில் உப்புநீரை வைக்கும் துணிவு எனக்கு இல்லை.

நான் பயன்படுத்துவது கோலமாவு. அரிசி மாவு அல்ல, கல்மாவு. அரிசி மாவைத் தூவினால் எறும்பு வரும். 5 மில்லிமீட்டர் எறும்பு இந்த அளவில் 43 சென்டிமீட்டர், ஒரு நாய்க்குட்டி உயரத்துக்கு ஆறு கால் பிராணிகள் உப்பளத்தில் மேய்வதை அகஸ்தியம்பள்ளி வரலாற்றில் எங்கும் கேள்விப்பட்டதில்லை. கல்மாவை மெல்லிய துணியில் சலித்து, வெள்ளைப் பசையை நீரில் கரைத்துத் தெளித்து, அதன்மீது மீண்டும் தூவினால் புதிதாக வாரிய உப்பின் பொரபொரப்பு வருகிறது. அம்பாரத்துக்கு வெட்டிய தெர்மாக்கோலின் மேல் இதே பூச்சு. பனையோலைக்குத் தேங்காய் நார், ஒரே திசையில் சீவி, வெயிலில் வெளுத்த சாம்பல் நிறம் கொடுத்து.

மார்ச் 18

மேலே எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில், கோலமாவு டப்பா காலியானதற்கு இப்போது காரணம் தெரிந்தது என்றார்கள்.

ஏப்ரல் 14

1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜி அந்த மாதம் 30-ஆம் நாள் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். அதைக் காட்டும் நினைவுத்தூண் மாதிரியில் இடம்பெற வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நானும் யோசித்தேன். பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தேன். தூணை வைத்த மறுகணம் பார்ப்பவர் கண் அங்கேயே நின்றுவிடும். வேகன் கதவருகே மூட்டை தூக்கும் ஆளை யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த ஊரில் உப்பு 1930-க்கு முன்பும் விளைந்தது, பின்பும் விளைகிறது. என் 3.6 மீட்டரில் இடம் கொடுக்க வேண்டியது அந்த அன்றாடத்துக்கு என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தங்கள் மாதிரியில் தூண் வைக்கலாம். அது தவறென்று சொல்ல மாட்டேன்.

மே 5

பாதை பலகையை விட்டு வெளியேறும் இடத்தை எப்படி மறைப்பது என்பதுதான் இந்த மாதத் தலைவலி. மலைநாட்டு மாதிரி செய்பவர்களுக்குக் குகை இருக்கிறது. நகரத்து மாதிரிக்கு மேம்பாலம். கடலோரத் தட்டை நிலத்தில் ஒரு மேடுகூட இல்லை. கோடிக்கரைப் பக்கம் முன்பு பாதை இன்னும் நீண்டிருந்தது என்பதால் அந்தப் பக்கத்தைக் காடாகக் காட்டி மறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஆனால் எனக்கு மறைக்க வேண்டியது எதிர்ப்புறம், வேதாரண்யம் பக்கம்.

இப்போதைக்கு: ஒரு கேட், கேட் கீப்பரின் கொட்டகை, அதற்குப் பின்னால் நெருங்கிய தென்னந்தோப்பு, தோப்போரம் ஒரு புகையிலைக் கொட்டில். அந்த வட்டாரம் புகையிலைக்குப் பெயர் போனது என்பதால் வலிந்து புகுத்தியதாகவும் தெரியாது. பின்சுவரில் தொடுவானம் பலகையிலிருந்து கையளவு உயரத்துக்குமேல் போகக் கூடாது. மீதி எல்லாம் வெளிறிய வானம். நீலம் கூடினால் அது ஊட்டி ஆகிவிடும்.

ஜூன் 9

ஓட்டும் முறையை மாற்றியிருக்கிறேன். எத்தனை வேகன் வரும் என்பதை நானே தீர்மானித்தால் எப்போதும் ஐந்துதான் வருகிறது. நிஜத்தில் உப்பு வியாபாரி ஸ்டேஷன் மாஸ்டரிடம் வேகன் கேட்டு இண்டென்ட் என்ற கோரிக்கைச் சீட்டு கொடுப்பார். கேட்டது எல்லாம் கேட்ட நாளில் கிடைப்பதில்லை. அதைக் கொண்டுவரத் தாயக்கட்டை உருட்டுகிறேன். தாயம் விழுந்தால் ஒரே வேகன். வியாபாரிகள் மூவரில் யாருக்கு என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஐந்து விழுந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. பன்னிரண்டு விழுந்தால் வேகன் வரவே இல்லை, எஞ்சினும் பிரேக் வேனும் மட்டும் வந்து, பாரம் இருந்தால் எடுத்துக்கொண்டு போகும்.

குறித்த நேரத்துக்குள் பாரம் ஏற்றி முடிக்காத வேகனுக்கு டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம். அந்தக் கணக்கை மாமனார் எழுதுகிறார். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் பழைய நிலுவையை எனக்கு வாசித்துக் காட்டுகிறார், தள்ளுபடி கிடையாதாம்.

ஜூன் 10

"தாயக்கட்டையில் நான்கு, ஏழு விழாதே?" என்று கேட்டவருக்கு: தாயம் ஆடத் தெரிந்தவருக்கு ஆறும் விழும், இரண்டும் மூன்றும் விழும், நான்கும் விழும். ஏழுக்கு இங்கே லூப் இல்லை. ஆறு விழுந்தால் ஒன்று திருத்துறைப்பூண்டியில் நிறுத்தப்பட்டதாகக் கொள்கிறேன்.

செப்டம்பர் 22

மழைக்காலத்தில் மாதிரியை மூடி வைத்துவிடப் போகிறேனா என்று கேட்டிருக்கிறார்கள். உற்பத்தி நிற்கும், அனுப்புவது நிற்காது. வேய்ந்து வைத்த அம்பாரத்திலிருந்துதான் அந்த மாதங்களில் உப்பு போகும். எனவே அம்பாரங்களைக் கழற்றி மாற்றும்படி மூன்று அளவுகளில் செய்திருக்கிறேன்: பருவ முடிவில் பெரியது, தீபாவளிக்குப் பின் நடுத்தரம், பொங்கலை ஒட்டிச் சிறியது. பாத்திகளின் மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டி வைத்தால் மழைநீர் தேங்கி வரப்புகள் மட்டும் தெரியும். சனவரியில் அதை எடுத்துவிடலாம். தகடு 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் வேண்டாம், ஓரம் வெள்ளையாகத் தெரிகிறது. வாங்கும்போது இருபுறமும் ஒட்டியிருக்கும் காகிதத்தை வெட்டி முடிக்கும் வரை உரிக்காதீர்கள்.